பேய் நகரம் என்று சொல்லாதீர்

அழிந்துபட்ட துறைமுகம் ஒன்றைக் காணச் செல்வோர்க்கும் ஓர் அதபு உண்டு. அவ்வதபை நம் காலத்தார் கைவிட்டுவிட்டனர் என்பதே நாம் இங்கே சுமத்தும் குற்றச்சாட்டு. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ராமேசுவரம் தீவின் முனையில் தனுஷ்கோடி இருக்கிறது. ஏர்வாடிக்குச் சியாரத்துச் செல்லும் தூத்துக்குடி, காயல்பட்டினக் குடும்பங்கள் பல, அப்படியே பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு ஊர் திரும்புகின்றன. காட்டுவதில் பிழையில்லை. ஆனால் என்ன சொல்லிக் காட்டுகிறோம்? "பேய் நகரம்" என்று சொல்லியல்லவா காட்டுகிறோம்!

அவ்வூர் எத்தகையது என்பதை முதலில் அறிவோம். 1914ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறுவார். தலைமன்னாரில் இறங்கி மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர்வார். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எனத் துறைமுகத்துக்கு வேண்டிய யாவும் அங்கே இருந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் தனுஷ்கோடியை எட்டும் முன்னரே அலையில் சிக்கியது. அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். சிதைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்துவிட்டார்கள். பாலம் மீண்டது, துறைமுகம் மீளவில்லை. கப்பல் போக்குவரத்து ராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது.

அறிவிப்பு வந்தது, ஆனால் மக்கள் போய்விட்டார்களா? மீனவர்கள் திரும்பி வந்தார்கள். பாலம், கம்பிப்பாடு ஆகிய குடியிருப்புகளில் ஓலைக் குடிசை கட்டி, மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்து, இருபுறக் கடலிலும் வலை வீசி வாழ்ந்தார்கள். உயிரோடு இருப்பவரைப் பேய் என்பது எந்த மொழியில் நாகரிகம்?

"அங்கே வாழ்வது ஆபத்து, அரசு செய்தது சரியே" என்பார் உளர். அவர்களை ஒன்று கேட்கிறோம். 2017ஆம் ஆண்டு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. புயலடித்து 53 ஆண்டுகள் கழித்து வந்த அச்சாலையில் நாள்தோறும் வண்டி வண்டியாக மக்கள் போகிறார்கள். வேடிக்கை பார்ப்பவருக்கு ஆபத்தில்லாத இடம், வலை வீசுபவருக்கு மட்டும் ஆபத்தாவது எங்ஙனம்? ஆபத்து மெய்யானால் புயற்காப்பு விடுதியும் முன்னெச்சரிக்கையும் வேண்டும். ஆபத்து இல்லையானால் குடிநீரும் மின்சாரமும் பள்ளியும் மருத்துவமும் வேண்டும். இரண்டில் எது மெய்யானாலும் அம்மக்களுக்கு ஒரு ஹக்கு நிலுவையில் இருக்கிறது. "பேய் நகரம்" என்னும் பெயர் அந்நிலுவையை மறைக்கும் திரையாகப் பயன்படுகிறது. பேய்களுக்கு எவரும் குழாய் போட்டுக் கொடுப்பதில்லை அல்லவா?

"வருவோரால்தானே அங்கே சங்கும் சிப்பியும் விற்றுப் பலர் பிழைக்கிறார்கள்?" என்றும் கேட்பர். உண்மையே. ஆனால் விற்பவர் உண்டு, பிழைப்பவர் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஆளில்லாத ஊர் என்று சொல்லும் வாய் அடைபட வேண்டாமா?

முத்துக்குளித்துறையில் பிறந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேற்றார் வேண்டுவதில்லை. புயலுண்ட துறைக்குள் தோணியைச் செலுத்தும் மாலுமி எப்படி நுழைவான்? பழைய அறிவை நம்பமாட்டான். மணல் எங்கே திரண்டது, ஆழம் எங்கே மாறியது, இடிந்த பாலத்தின் கட்டை எங்கே மூழ்கிக் கிடக்கிறது என்று கரையில் இருப்போரைக் கேட்டுத்தான் நங்கூரம் போடுவான். கேளாது நுழைபவன் தோணியை இழப்பான். மாலுமி என்னும் சொல்லே அறபியின் "முஅல்லிம்" என்பதிலிருந்து வந்தது என்பர். ஆசிரியன் என்பது பொருள். கரையாரிடம் கற்றுக்கொள்ளத் தெரிந்தவனுக்கே கடலில் ஆசிரியன் என்ற பெயர் தகும். தனுஷ்கோடிக்குச் செல்லும் நம்மவரோ எதையும் கேட்பதில்லை. இடிந்த தேவாலயத்தின் சுவரில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நம் பள்ளிவாசல் இடிந்து கிடந்தால் அதன் மிஹ்ராபின்மேல் பிறர் ஏறி நிற்கச் சம்மதிப்போமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தெருக்கள் மூழ்கின. அன்று ஒருவர் வந்து பார்த்துவிட்டு நம் ஊருக்குப் "பேய் ஊர்" என்று பெயர் சூட்டியிருந்தால் பொறுத்திருப்போமா?

இக்கடற்கரைக்கு அறபிகள் இட்ட பெயர் "மஅபர்". கடக்கும் இடம் என்பது பொருள். படிப்பினையைக் குறிக்கும் "இப்ரத்" என்னும் சொல்லும், கண்ணீரைக் குறிக்கும் "அப்ரத்" என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்தவை. பதினான்காம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து வந்த இப்னு பதூதாவின் கப்பல் இக்கரையருகே சேதமுற்றபோது, படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் இவ்வூர்ப்பக்கத்து மக்களே. அவர்கள் அவருடைய மார்க்கத்தவருமல்லர். உலகம் சுற்றிய அம்முஸாபிரின் பெயரை உலகம் அறியும். அவரைக் கரையேற்றியவர்களின் பெயரை அறிவார் இல்லை. அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.

ஆகவே இனிச் செல்வோர் இவற்றையேனும் செய்க. இடிந்த சுவர்களில் பிள்ளைகளை ஏறவிடாதீர்; அது பலர் மையித்தான இடம். மீன் வாங்கினால் பேரம் பேசாது மீனவரிடமே வாங்குக. வீட்டில் தண்ணீருக்கும் விளக்குக்கும் என்ன செய்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஊர் திரும்பியதும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். பிள்ளைகள் "இது என்ன ஊர்?" என்று வினவினால், "கொழும்புக்குக் கப்பல் ஏறிய துறைமுகம், இன்றும் மக்கள் வாழும் ஊர்" என்று விடை சொல்லுங்கள்.