“தேவனுடைய கண்” என்னும் பொய்



ஷூ கம்பெனி வேலை முடிந்து ஆம்பூரிலிருந்து பேருந்தில் திரும்புகையில் உங்கள் கைபேசிக்கும் அந்தப் படம் வந்திருக்கும். நீலக் கருவிழி, சிவந்த இமை, “தேவனுடைய கண்”. 3000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே தோன்றுமாம். பகிர்ந்தால் ஜெபம் கேட்கப்படுமாம். நாமும் ஆமென் என்று எழுதி அனுப்பிவிடுகிறோம்.

அது பொய். அனுப்புகிறவரின் பக்தி அதை மெய்யாக்காது.

அது ஹெலிக்ஸ் நெபுலா. சூரியனையொத்த ஒரு விண்மீன் தன் முடிவுக்காலத்தில் வெளித்தள்ளிய வாயு. தொலைநோக்கியால் ஆண்டுதோறும் காணலாம். தொலைவு சுமார் 650 ஒளியாண்டுகள். இன்று நாம் காணும் அவ்வொளி புறப்பட்டபோது, தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேற இன்னும் 300 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. இந்த மெய் போதாதென்றா பொய்யைச் சேர்க்கிறோம்?

“நல்ல நோக்கந்தானே, தீங்கென்ன?” என்பீர்கள். உங்கள் மகன் கல்லூரியில் உண்மையை அறிவான். படத்தில் பொய் சொன்ன தகப்பன் சுவிசேஷத்தில் மட்டும் மெய் சொல்வாரோ என்று அவன் ஐயுறுவான். அந்த இடறலுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

நம் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. 1988இல் அங்கே கண்டறிந்த சிறுகோள் ராமானுஜன் பெயரைத் தாங்குகிறது. இரவெல்லாம் விழித்து, அளந்து, சரிபார்த்த பின்னரே அவர்கள் பேசுகிறார்கள். சத்தியத்தின் பிள்ளைகளாகிய நாமோ ஒரு நொடியில் அனுப்பிவிடுகிறோம்!

இன்றிரவு அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். 19ஆம் சங்கீதத்தை வாசித்து, மாடிக்கு ஏறி, வானத்தைப் பாருங்கள். சிருஷ்டிகருக்கு நம் பொய்ச்சாட்சி தேவையில்லை. ஆமென்.