திருநீற்றுப்பச்சை மணக்கும் இத்தாலிய உணவு

இத்தாலி நாட்டில் ஆகஸ்ட் 15ஆம் நாள் 'ஃபெர்ரகோஸ்தோ' என்னும் விழா கொண்டாடப்படுகிறது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஏற்படுத்திய ஓய்வு நாட்கள், பிற்காலத்தில் அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாளோடு இணைந்து இவ்விழாவாயின. கடும் வெயில் காயும் அந்நாளில் அடுப்பருகே நிற்க எவரும் விரும்புவதில்லை. ஆகவே காலையிலேயே பாஸ்தாவை வேகவைத்து ஆற்றி, காய்களோடு கலந்து, நண்பகலில் குளிர்ச்சியாக உண்பர்.

அயல்நாட்டில் வாழும் மக்களின் இல்லத்திற்குச் செல்லும் பெரியோர் முன்னும் இவ்வுணவு வைக்கப்படுவதுண்டு. 'இது சைவம்தானா?' என்ற ஐயம் அப்போது எழுவது இயல்பே. அதற்கு இரண்டு பொருள்களை ஆராய்ந்தால் போதும்.

முதலாவது பாஸ்தா. சாதாரண உலர் பாஸ்தா, 'டூரம்' என்னும் கெட்டிக் கோதுமையின் ரவையும் நீரும் மட்டுமே சேர்ந்தது. ஆனால் எமிலியா-ரொமாஞா பகுதியின் புதுப் பாஸ்தாவில் முட்டை உண்டு. முட்டை கலந்த உலர் பாஸ்தாவும் விற்கப்படுவதால் உறையைப் படித்து வாங்குதல் நலம்.

இரண்டாவது பாலாடைக்கட்டி. புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பால், உப்பு, ரென்னெட் ஆகிய மூன்றே உள்ளன. அந்த ரென்னெட், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருள். பால் பொருள்தானே என்று எண்ணி உண்போர், அறியாமலே தம் நெறியிலிருந்து வழுவ நேர்கிறது. எலுமிச்சைச் சாற்றால் திரித்த பன்னீரைப் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும்.

இதற்கு மணமூட்டும் 'பசிலிக்கோ' இலையோ நமக்கு அயலானதன்று. தமிழில் அது திருநீற்றுப்பச்சை. துளசியின் இனத்தைச் சேர்ந்தது. சப்ஜா விதை தருவதும் இச்செடியே.

செய்முறை (நால்வருக்கு): சிறு தக்காளி 250 கிராம் எடுத்து இரண்டாக நறுக்கி, சிட்டிகை உப்பிட்டு 20 நிமிடம் வைக்க வேண்டும். ஊறிவரும் சாறே இவ்வுணவின் சுவைக்கு அடிப்படை. சுருள் வடிவ உலர் பாஸ்தா 250 கிராமை இரண்டரை லிட்டர் கொதிநீரில் வேகவிட வேண்டும். இத்தாலியர் ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் உப்பிடுவர்; இரத்த அழுத்தம் உடையோர் அதைப் பாதியாகக் குறைக்கலாம். ஆறினால் பாஸ்தா சற்று இறுகும்; எனவே பல் வலுவற்றோருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிடலாம். நீரை வடித்து, ஒரு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய் பிசறி, அகன்ற தட்டில் பரப்பி ஆற்ற வேண்டும். குழாய் நீரில் அலசினால் மேலுள்ள மாவுப்பசை நீங்கிச் சாறு ஒட்டாது.

ஆறியபின் தக்காளியைச் சாற்றோடு சேர்த்து, நறுக்கிய வெள்ளரிக்காய், 100 கிராம் பன்னீர், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், அரை மூடி எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் கலக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் இன்றியே இது சுவைக்கும். திருநீற்றுப்பச்சை இலைகளைக் கையால் கிள்ளி இறுதியில் தூவ வேண்டும். முன்னரே இட்டால் கறுத்துவிடும்.

வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. குளிர்பெட்டியில் வைத்ததைக் கால்மணி நேரம் முன்னதாக எடுத்துவைத்தால், உறைந்த எண்ணெய் இளகி மணம் மீளும். முதியோரின் தொண்டைக்கும் இதமாக இருக்கும்.