கழுத்தடிக்குப் பெனடோல் போதுமா?
கொழுந்துச் சாக்கோடு சறுக்கி விழுந்தவரை லொறியில் ஏற்றி, டிஸ்பென்சரியில் பெனடோல் கொடுத்து லயத்துக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் ஏற்க முடியாது. விழுந்த எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுக்கும்படி நாம் கேட்கவில்லை. கனடா வைத்தியர்கள் 2001இல் வெளியிட்ட விதியையே கேட்கிறோம். தலையில், கழுத்தில் அடிபட்டவர் நினைவோடு பேசினாலும், அவருக்கு 65 வயதாகியிருந்தால், 3 அடி உயரத்திலிருந்து விழுந்திருந்தால், கைகால் மரத்தால், இதில் ஒன்று இருந்தாலே கழுத்தைப் படம்பிடிக்க வேண்டும். 3 அடி என்பது நம் இடுப்பளவுதான். நிழல் மரத்தில் கொப்பு வெட்டுபவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார்!

அப்படி விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தலை, கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. நிர்வாகம் கொழுந்து லொறியைக் காட்டினால், உடனே தோட்டத் தலைவரைக் கூப்பிடுங்கள்.