அம்பில் சும்மா கிடக்கும் மற்றச் சனல்: அது வீண்விரயமா?



அன்பின் ஊரவர்களே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். பள்ளிவாசலுக்கும் பொருந்தும், பாடசாலை மண்டபத்துக்கும் பொருந்தும்.

கொஞ்ச நாளாக இஷாவுக்குப் பிறகு பள்ளி முன்றலில் அம்ப் பற்றித்தான் கதை. பள்ளியில் இருப்பது ஸ்டீரியோ பவர் அம்ப். இடது, வலது என்று இரண்டு சனல். நமக்கு வேலை ஒரு மைக், ஒரே குரல். அதனால் இடது சனலில் மட்டும்தான் ஸ்பீக்கர் வயர் போகிறது. வலது சனல் வாங்கிய நாளிலிருந்து சும்மா கிடக்கிறது.

"சந்தாப் பணத்தில் வாங்கிய சாமானில் பாதியைச் சும்மா விடுவது இஸ்ராஃப் இல்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். "இரண்டு சனலின் வயரையும் ஒன்றாக முறுக்கிக் கொடுத்தால் சத்தம் இரட்டிக்கும்" என்பது இன்னும் சிலருடைய யோசனை. "ரோட்டுப் பக்கம் இன்னொரு ஹோர்னைக் கட்டுவோம்" என்பது மூன்றாவது யோசனை.

கேட்பவர்களின் நோக்கம் நல்லது. வக்ப் சொத்து என்ற கவலையில்தான் கேட்கிறார்கள். ஆனால் இது கையுயர்த்தி முடிவெடுக்கிற விசயமல்ல. தரம் 10, 11 பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பித்துவிட்டு, ஊர்ப் பள்ளியில் அந்த விதி மீறப்படும்போது ஆசிரியர்களாகிய நாங்கள் பேசாமல் இருப்பது சரியில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் பயத்தைத் தீர்ப்போம். பாவிக்காத சனல் பழுதாகாது. திரான்சிற்றர் அம்பில் ஸ்பீக்கர் பூட்டாத சனலின் வெளியீட்டில் மின்னோட்டம் போக வழியே இல்லை. ஓட்டம் இல்லையென்றால் அந்தப் பக்கம் வேலையும் இல்லை. இரண்டு சனலுக்கும் பவர் சப்ளை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் சூடு இருக்கும், அவ்வளவுதான். காற்றோட்டத் துளைகளை மூடாமல் இருந்தால் போதும்.

சும்மா விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது.

1. வலது சனலின் வொலியூம் குமிழை இடப்பக்கமாக முழுதாகத் திருப்பி, பூச்சியத்தில் வையுங்கள்.

2. அந்தச் சனலின் உள்ளீட்டில் மறுமுனை எதிலும் பூட்டாத கேபிள் தொங்கினால் கழற்றுங்கள். அது ஏரியல் போல 50 ஹேர்ட்ஸ் கரண்ட் இரைச்சலையும் போன் சத்தத்தையும் பிடித்துக் கொடுக்கும்.

3. வெளியீட்டு முனைகளில் எதையும் பூட்டாதீர்கள். பழைய வயர்த் துண்டு இருந்தால் கழற்றிவிட்டு மூடியைப் போடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 200 வாட் கொடுக்கும் சனலின் முனையில் 40 வோல்ட் வரை வரும். வுழூச் செய்த ஈரக்கையோடு பிள்ளைகள் தொடுகிற உயரத்தில் அது திறந்து கிடக்கக் கூடாது.

4. "வலது: பாவனையில் இல்லை" என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் வந்து குமிழைத் திருப்பிப் பார்க்க மாட்டார்.

இதில் ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். பாவிக்காத உள்ளீட்டை ஷோர்ட் செய்வது உண்டு. நடு ஊசியையும் வெளி வளையத்தையும் இணைத்த ஆர்.சி.ஏ பிளக் ஒன்றை அதில் பூட்டுவார்கள், இரைச்சல் வராது. ஆனால் வெளியீட்டின் கறுப்பையும் சிவப்பையும் இணைப்பது வேறு கதை. தவறி ஒரு சிக்னல் வந்தால் திரான்சிற்றர் போய்விடும். உள்ளீட்டுக்குச் சொன்ன வைத்தியத்தை வெளியீட்டுக்குச் செய்யக் கூடாது.

வீட்டில் பழைய வால்வ் அம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதில் ஸ்பீக்கர் இல்லாத சனலுக்குச் சிக்னல் போனால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் அழுத்தம் ஏறிக் கருகிவிடும். அந்தச் சனலுக்குச் சிக்னல் போகாமல் பார்க்க வேண்டும், அல்லது ஸ்பீக்கருக்குப் பதிலாகப் போதிய வாட் உள்ள 8 ஓம் தடை ஒன்றைப் பூட்ட வேண்டும்.

இனி, இரண்டு வயரையும் முறுக்குகிற யோசனைக்கு வருவோம். கணக்கைப் பாருங்கள். இடது சனல் 20 வோல்ட் கொடுக்கிறது. வலது சனலுக்குச் சிக்னல் இல்லை, ஆகவே அது தன் முனையைப் பூச்சியத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தடை அரை ஓம் என்று வைத்தாலும் 20 ÷ 0.5 = 40 அம்பியர். நம்மிடம் இருப்பது போன்ற அம்ப் அதைத் தாங்காது. பாதுகாப்புச் சுற்று இருந்தால் அம்ப் நிற்கும், இல்லாவிட்டால் எரியும். இரண்டு பக்கமும் ஒரே சிக்னலைக் கொடுத்தாலும் சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசமே ஒன்றை ஒன்று தள்ளும்.

"பிரிட்ஜ் பண்ணலாமே" என்று சவுண்ட் வேலை தெரிந்த தம்பிமார் சொல்வார்கள். பண்ணலாம், அம்பின் பின்பக்கம் அதற்கான சுவிட்ச் இருந்தால், கையேட்டிலும் அப்படி இருந்தால் மட்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு சனலுக்கும் ஸ்பீக்கரின் பாதித் தடைதான் தெரியும். 8 ஓம் ஸ்பீக்கர் 4 ஓம் ஆகும், 4 ஓம் 2 ஆகும். எத்தனை ஓம் வரை தாங்கும் என்று கையேட்டைப் பார்க்காமல் தொடுகிற வேலையல்ல இது.

சத்தம் இரட்டிக்குமா? அதுவும் இல்லை. வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். அது காதுக்குச் சிறிய வித்தியாசம்தான். இரண்டு மடங்கு சத்தம் என்று காது சொல்ல, ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். சின்ன வித்தியாசத்துக்காக அம்பைப் பணயம் வைக்கலாமா?

ரோட்டுப் பக்கம் இன்னொரு ஹோர்ன் என்ற யோசனைக்கு எங்கள் பதில் தெளிவானது: வேண்டாம். இப்போதுள்ள அதான் ஊர் எல்லை வரை கேட்கிறது. 2007 இல் வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை நாம் மறக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் இருக்கிறார்கள். சா/த, உ/த பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நம் பிள்ளைகளும்தான். லுக்மான் தன் மகனுக்குச் சொன்ன உபதேசத்தில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மத்ரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். பெரியவர்கள் நாம் ஹோர்ன் கூட்டினால் பிள்ளை எதைப் படிக்கும்?

அப்படியென்றால் வலது சனலை என்றைக்கும் சும்மாவே விடச் சொல்கிறோமா? இல்லை. அதற்கு உரிமைக்காரர் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள்.

பெண்கள் பகுதியில் குத்பாவும் தராவீஹும் ஒழுங்காகக் கேட்பதில்லை என்று நம் தாய்மார் எத்தனை ரமழானாகச் சொல்கிறார்கள்! ஒவ்வொரு முறையும் கிடைக்கிற பதில், "அம்ப் தாங்காது" என்பதுதான். அந்தப் பதிலில் பாதி உண்மை. இடது சனலில் இப்போதே இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் சமாந்தரமாக ஓடுகிறது, அது 4 ஓம். இன்னும் இரண்டை அதிலேயே சேர்த்தால் 2 ஓம். அது தாங்காதுதான். ஆனால் பக்கத்திலேயே ஒரு முழுச் சனல் சும்மா கிடக்கிறது. பெண்கள் பகுதியின் இரண்டு ஸ்பீக்கரை அதில் போட்டால் அந்தப் பக்கமும் 4 ஓம்தான். மிக்ஸரின் ஒரு வெளியீட்டைக் கிளைக் கேபிள் போட்டு இரண்டு உள்ளீட்டுக்கும் கொடுக்கலாம், அதில் பிழையில்லை. வெளியீடுகளை ஒன்றோடொன்று இணைப்பதுதான் பிழை.

இதில் இன்னொரு நன்மை, குமிழ் வேறாக இருப்பது. ஆண்கள் பகுதியில் சத்தத்தைக் கூட்டாமலே பெண்கள் பகுதிக்குத் தேவையான அளவு வைக்கலாம். ஸ்டீரியோ அம்பின் இரண்டு சனலையும் இரண்டு இடத்துக்குப் பாவிப்பது குறுக்கு வழியல்ல, வழமையான முறைதான். புதிதாகத் தேவைப்படுவது இரண்டு ஸ்பீக்கரும் கொஞ்சம் வயரும். புது அம்ப் வாங்க வசூல் வேண்டியதில்லை.

பாடசாலை மண்டபத்துக்கு வேறு ஆலோசனை சொல்கிறோம். அங்கே ஒரு சனல் போதும், மற்றதை மாற்றுச் சனலாக வையுங்கள். மாதம் ஒருமுறை அம்பை நிறுத்தி, வயரை மாற்றி, வலது சனல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பரிசளிப்பு விழா நடுவில் இடது சனல் போனால் இரண்டு நிமிடத்தில் மாறிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பாவிக்காத சனல் வேறு, பழுதான சனல் வேறு. ஒரு சனல் எரிந்துவிட்டது, மற்றதில் ஓட்டுகிறோம் என்று விடுவது ஆபத்து. பழுதான பக்கம் பவர் சப்ளையை இழுத்துக்கொண்டே இருக்கலாம். வெளியீட்டில் டீ.சி. அழுத்தம் நிற்கலாம், அதில் ஸ்பீக்கரைப் பூட்டினால் சுருள் கருகும். மல்டிமீட்டரில் சில பத்து மில்லிவோல்ட் காட்டினால் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் உடனே நிறுத்தித் திருத்தக் கொடுங்கள். பியூஸ் போகிறது என்று பெரிய பியூஸ் போடுகிற கை வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

நிர்வாக சபைக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். வயர்களை முறுக்க வேண்டாம். ஹோர்ன் கூட்ட வேண்டாம். ரமழானுக்கு முன், தெரிந்த ஒருவரைக் கொண்டு வலது சனலைப் பெண்கள் பகுதிக்கு இழுத்துக் கொடுங்கள். அது நடக்கும் வரை குமிழைப் பூச்சியத்தில் வைத்து விடுங்கள். ஒரு பொருளைச் சும்மா வைப்பது மட்டும் இஸ்ராஃப் அல்ல, விளங்காமல் பாவித்து எரிப்பதும் இஸ்ராஃப்தான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கண்ணியமாகக் கதைப்போம். அமானிதங்களைப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.