நயம் பாராட்டும் வாய்பாடு

மனப்பாடத்தை ஒழித்துவிட்டால் மாணவனுக்குப் புரிதல் வந்துவிடும் என்று கல்விச் சீர்திருத்தக்காரர்கள் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ‘அடிபிறழாமல் எழுதுக’ என்கிற கேள்வி அப்படியொன்றும் கொடுமையானதல்ல. நினைவைக் கேட்கிறது, நினைவைப் பெற்றுக்கொள்கிறது. பாட்டாவது மிஞ்சுகிறது, இருபது வருஷம் கழித்து ஏதோ ஒரு பஸ் பயணத்தில் அதன் பொருள் திறந்துகொண்டாலும் கொள்ளும். மோசடி நடப்பது அதே வினாத்தாளில் வேறோர் இடத்தில்: ‘நயம் பாராட்டுக’.

பெரும்பாலும் பாடத்தில் இல்லாத ஒரு பாட்டு. தமிழ்த் தேர்வில் ஒரு கவிதையை மாணவன் தானாக வாசித்தாக வேண்டிய இடம் இது ஒன்றுதான். அதற்கும் வாய்பாடு தயார். திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு முன்வாசகம். மோனைக்குச் சாட்சி சொல்லக் குயவனின் பானை வருகிறது; எதுகைக்கு மதுரையின் வைகை. நடுவில் விட்ட காலியிடத்தில் பாட்டிலிருந்து இரண்டு சொற்களைப் பிய்த்துப் போட்டால் தீர்ந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், இந்தப் பாட்டில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்க மாட்டாங்க சார்” என்றான். சந்த நயத்துக்கு நான்கு வரி எழுதியிருந்தான். பாட்டை ஒரு முறைகூட வாய்விட்டுப் படித்திருக்கவில்லை.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு, எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்தார். அவற்றில் 13 கவிதைகளையும் அவர்கள் எழுதித் தந்ததையும் வைத்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிஸம்’ வந்தது. பெரும்பாலும் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள். பலருக்கு வரிகளின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை. மனதில் ஏற்கெனவே தயாராயிருந்த உணர்ச்சியைக் கவிதையின் தலையில் ஏற்றிவிட்டுப் போனார்கள். ஆனால் ரிச்சர்ட்ஸுக்குப் பிழைகளாவது கிடைத்தன. எங்கே வழுக்கினார்கள் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. நம் வாய்பாட்டு விடையில் பிழையே கிடையாது. ஆசிரியர் எதைத் திருத்துவார்?

உ. வே. சாமிநாதையர் அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று எத்தனையோ பிரபந்தங்களைக் கரைத்துக் குடித்தவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு, அசையாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். பிரதியைக் கொடுத்தார். பிரித்தால் புரியவில்லை. நச்சினார்க்கினியர் உரை உடனிருந்தும் புரியவில்லை. உரையே பெயர் சொல்லாத நூல்களிலிருந்து மேற்கோள் காட்டிக்கொண்டு போனது. புரியாத இடங்களைத் தூக்கிக்கொண்டு அவர் ஜைனர்களின் வீட்டுக்குப் போனார். மேற்கோளின் மூலங்களைத் தேடி ஏடுகளைப் புரட்டினார். பதிப்பு வெளிவந்தது 1887இல். அந்த 7 வருஷ உழைப்புக்கும் முதல், ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்ததுதான். (மனப்பாடம் அவருக்குக் குறுக்கே நிற்கவில்லை என்பதையும் சீர்திருத்தக்காரர்கள் கவனிக்கலாம்.)

நம் தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஆகவே நான் கேட்பது சின்ன மாற்றம். ஏழு தலைப்புகளையும் அடித்துவிட்டு ஒரே கேள்வி: ‘இந்தப் பாட்டில் உனக்குப் புரியாத வரி எது? அது என்னவாக இருக்கலாம் என்று நினைக்கிறாய், ஏன்?’ இதற்கு நோட்ஸ் போட முடியாது. விடைக்குறிப்பும் தயாரிக்க முடியாது என்பார்கள் ஆசிரியர்கள். திருத்துகிறவரும் பாட்டைப் படிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தை மட்டும் திட்டிவிட்டு நிறுத்துவதும் நியாயமில்லை. சிறுபத்திரிகை விமர்சனத்தில் மோனை, எதுகை போய்ப் படிமம், இருண்மை, அந்நியமாதல் வந்தன. பிறகு கட்டுடைப்பு வந்தது. தலைப்புகள் மாறின, காலியிடத்தில் இரண்டு சொற்களைப் பிய்த்துப் போடுவது மாறவில்லை. கவிஞரின் பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதினாலும் அப்படியே பொருந்தும் மதிப்புரைகளை எவ்வளவோ வாசித்தாயிற்று. புரியாத வரி ஒன்றை ஒப்புக்கொண்ட மதிப்புரை எதுவும் என் கண்ணில் படவில்லை. பத்தாம் வகுப்புக்கு முன்னால் அந்தக் கேள்வியை இவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.