ஒரு நாள் குறைந்த சேவை

2025 ஜூன் மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகர வீதிகளிலும், அதே வருடம் ஆகஸ்ட் மாதம் தொடக்கம் தலைநகர் வாஷிங்டனிலும் அமெரிக்கத் தேசிய காவற்படையினர் நிறுத்தப்பட்டபோது, அவ்வாறு செய்வதற்கு ஜனாதிபதி ட்ரம்புக்கு அதிகாரம் உண்டா என்ற வாதப்பிரதிவாதமே ஊடகங்களை ஆக்கிரமித்திருந்தது. அது முக்கியமான வினா என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அந்த வீதிகளில் துப்பாக்கி ஏந்தி நின்றவர்கள் யார், அவர்களுக்கு அந்நாட்டு அரசு எதைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது என்ற வினா அந்தளவுக்கு எழுப்பப்படவில்லை. அவர்களுள் பெரும்பாலானோர் முழுநேரப் படையினர் அல்லர். ஆசிரியர்கள், சாரதிகள், தாதியர், மெக்கானிக்குகள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று வெவ்வேறு தொழில்களிலும் நிலைகளிலும் இருப்பவர்கள். மாதத்தில் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு வாரங்களும் பயிற்சிக்கு வருவதாக ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டவர்கள்.

தேசிய காவற்படை தனது வரலாற்றை 1636 இல் மசாசுசெட்ஸ் குடியேற்றத்தில் திரட்டப்பட்ட உள்ளூர்ப் படைகளிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இன்றைய வடிவத்துக்கு அது வந்தது 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமாகும். எமது நாட்டில் 1881 இல் ஆரம்பிக்கப்பட்ட தொண்டர் படையை அறிந்த வாசகர்களுக்கு இதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அமெரிக்கக் காவற்படைக்கு இரண்டு எசமானர்கள். சாதாரண காலத்தில் அந்தந்த மாநில ஆளுநரின் கட்டளைக்கும், அழைக்கப்படும்போது ஜனாதிபதியின் கட்டளைக்கும் அது உட்பட்டது. நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் அதில் உள்ளனர். முப்படைகளினதும் கடற்கரைக் காவற்படையினதும் ஒதுக்குப் படைகளில் உள்ளோர் இதற்குப் புறம்பானவர்கள்.

இந்த இரட்டை எசமானர் ஏற்பாட்டிலிருந்தே பிரச்சினை ஆரம்பமாகின்றது. காவற்படை வீரர் ஒருவரை மூன்று வழிகளில் கடமைக்கு அழைக்கலாம். கூட்டாட்சிச் சட்டக்கோவையின் 10 ஆம் தலைப்பின் கீழ் அழைத்தால் அவர் ஜனாதிபதியின் படைவீரர். 32 ஆம் தலைப்பின் கீழ் அழைத்தால் கட்டளை ஆளுநருடையது, சம்பளம் வாஷிங்டனுடையது. மூன்றாவதாக, ஆளுநரே தமது மாநில நிதியில் அழைக்கலாம். மூன்றிலும் சீருடை ஒன்றுதான். ஆனால், அவருடைய கல்வி உதவி, மருத்துவக் காப்பு, ஓய்வூதியம், அவர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் கொடுப்பனவு ஆகிய யாவும் அவர் என்ன செய்தார் என்பதிலன்றி, அவருடைய அழைப்பாணையில் எந்தப் பிரிவு இலக்கம் தட்டச்சுச் செய்யப்பட்டிருக்கிறது, எத்தனை நாட்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதிலேயே தங்கியுள்ளன. லொஸ் ஏஞ்சலிஸில் நின்றவர்கள் 10 ஆம் தலைப்பின் கீழும், வாஷிங்டனில் நின்றவர்கள் 32 ஆம் தலைப்பின் கீழும் நிறுத்தப்பட்டிருந்தனர். 2025 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கு அண்மையில் மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்த காவற்படையினர் இருவர் சுடப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். சுட்டவன் எந்தத் தலைப்பென்று விசாரித்திருக்கமாட்டான்.

நாட்கணக்கு எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு 2007 ஆம் ஆண்டுச் சம்பவமொன்றை நாம் நினைவூட்ட விரும்புகிறோம். மினசோட்டா மாநிலக் காவற்படையின் பிரிகேட் ஒன்றைச் சேர்ந்த சுமார் 2,600 பேர் ஈராக்குக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவர்கள் நாடு திரும்பவிருந்த வேளையில், ஜனாதிபதி புஷ் ஈராக்கில் படைபலத்தை அதிகரிக்கத் தீர்மானித்ததால் அவர்களது சேவைக்காலம் மேலும் நீடிக்கப்பட்டது. ஈராக்கில் 16 மாதங்கள், பயிற்சி உட்பட மொத்தம் 22 மாதங்கள் அவர்கள் கடமையில் இருந்தனர். அந்தப் போரில் அவ்வளவு நீண்டகாலம் தொடர்ச்சியாகக் கடமையாற்றிய வேறு தரைப்படைப் பிரிவு அப்போது இருக்கவில்லை. வீடு திரும்பிப் படிப்பைத் தொடர விண்ணப்பித்தபோதுதான், அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் ஆணைகள் 729 நாட்களுக்கு எழுதப்பட்டிருந்தமை வெளிவந்தது. முழுநேரப் படையினருக்குரிய கல்வி உதவியைப் பெறத் தேவையான நாட்களோ 730. ஒரு நாள் குறைவு! விடயம் அம்பலமாகி மினசோட்டாவின் காங்கிரஸ் உறுப்பினர்கள் குரலெழுப்பிய பின்னர், பதிவுகளைத் திருத்துவதற்கு இராணுவம் இணங்கியது.

அது ஓர் எழுதுவினைஞரின் தவறென்று கொள்வதற்கு இடமிருந்தது. 2020 இல் அதே கணக்கு மீண்டும் வந்தபோது அவ்வாறு கொள்வது கடினமாயிற்று. கொவிட் தொற்றுக் காலத்தில் 40 ஆயிரத்துக்கும் அதிகமான காவற்படையினர் பரிசோதனை நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் உணவுக் களஞ்சியங்களிலும் பணியாற்றிக்கொண்டிருந்தனர். அவர்களது கூட்டாட்சிக் கடமை ஜூன் 24 ஆம் திகதியுடன் முடிவடையும் என்று நிர்ணயிக்கப்பட்டது. அவர்களுள் பலருக்கு அத்திகதி 89 ஆவது நாளாகும். 90 நாட்களை எட்டியிருந்தால் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தைப் பெறும் தகுதியும், ஓய்வூதியத்தை மூன்று மாதங்கள் முன்னதாகப் பெறும் உரிமையும் கிடைத்திருக்கும். செய்தி வெளியாகி இரு கட்சியினரிடமிருந்தும் கண்டனம் எழுந்ததும், ட்ரம்ப் நிர்வாகம் கடமைக்காலத்தை ஓகஸ்ட் நடுப்பகுதி வரை நீடித்தது. ஒரு தடவை 729, மறு தடவை 89. பதின்மூன்று வருட இடைவெளியில் இரண்டு தடவைகள் ஒரு நாள் மட்டும் குறைவதைத் தற்செயல் என்று நம்புவதற்கு அசாதாரணமான நல்லெண்ணம் வேண்டும்.

அமெரிக்கப் படைகள் உலகில் செய்தவை, செய்துவருபவை பற்றி எமக்குள்ள விமர்சனங்கள் வேறு. ஈராக் போரை நியாயப்படுத்த எவராலும் இன்று முடியாது. ஆனால், போரைத் தீர்மானித்தவர்களுக்கும் அதற்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் இடையில் உள்ள கணக்கு தனியானது. சேவையைப் பெறும்போது முழுமையாகப் பெற்றுக்கொண்டு, உரிமையைக் கொடுக்கும்போது 'நீர் தற்காலிகமானவர்' என்று கூறும் வழக்கம் எமது வாசகர்களுக்கும் பழக்கமற்றதல்ல. வடக்கு, கிழக்கில் போர்க்காலத்தில் பாடசாலைகளைத் தாங்கி நின்ற தொண்டர் ஆசிரியர்கள், தமது சேவைக்காலத்தை நிரூபிக்கக் கோவைகளுடன் அலுவலகங்களின் வாசல்களில் காத்திருந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

பகுதிநேரப் படையினர் இவ்வளவு தூரம் பயன்படுத்தப்படுவார்கள் என்று முன்னர் எவரும் எண்ணியிருக்கவில்லை. வியட்நாம் போரின்போது ஜனாதிபதி ஜோன்சன் ஒதுக்குப் படைகளைப் பெருமளவில் அழைப்பதைத் தவிர்த்தார். அதனால் காவற்படையில் சேர்வது போருக்குச் செல்லாதிருப்பதற்கான வழியென்று அக்காலத்தில் கருதப்பட்டது. கட்டாய ஆட்சேர்ப்பு 1973 இல் முடிவுக்கு வந்த பின்னர் நிலைமை மாறியது. முழுநேரப் படையும் ஒதுக்குப் படையும் ஒரே படையே என்ற கொள்கை வகுக்கப்பட்டது. 2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின்னர் அக்கொள்கை முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடக்கம் பத்து இலட்சத்துக்கும் அதிகமான காவற்படையினரும் ஒதுக்குப் படையினரும் கடமைக்கு அழைக்கப்பட்டுள்ளனர். படைக்கொள்கை மாறிய வேகத்தில் சலுகைச் சட்டங்கள் மாறவில்லை என்பதே இந்தச் சிக்கலின் சாரம்.

சலுகைச் சட்டங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலாம் உலகப் போரின் முன்னாள் வீரர்கள், 1945 இல் தருவதாக உறுதியளிக்கப்பட்ட கொடுப்பனவை முன்கூட்டியே கேட்டு 1932 இல் வாஷிங்டனில் முகாமிட்டபோது, ஜெனரல் மக்ஆதரின் படைகள் அவர்களை விரட்டியடித்தன. அந்த அவமானத்தின் நினைவு மறையாதிருந்ததனாலேயே 1944 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் புகழ்பெற்ற ஜீ.ஐ. சட்டத்தில் கையொப்பமிட்டார் எனலாம். 1956 வரையில் 78 இலட்சம் பேர் அதன் மூலம் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். 1984 இல் மிசிசிப்பி உறுப்பினர் மொன்ட்கொமரியின் முயற்சியால் ஒதுக்குப் படையினரும் கல்வி உதவிக்குள் உள்வாங்கப்பட்டனர். ஆறு வருட ஒப்பந்தத்துக்கு ஈடாகக் கிடைக்கும் அந்த உதவி இன்றும் தொடர்கிறது. ஆனால், 2025 இலும் அது மாதம் 500 டொலரை எட்டவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டணங்களை அறிந்தவர்களுக்கு அத்தொகையின் பெறுமதி விளங்கும்.

2008 இல் செனட்டர் ஜிம் வெப் கொண்டுவந்த புதிய சட்டமோ மிகத் தாராளமானது. அரச பல்கலைக்கழகக் கட்டணம் முழுவதும், வாடகைக் கொடுப்பனவு, நூல்களுக்கான உதவி என்பன 36 மாதங்களுக்குக் கிடைக்கும். ஆயினும், முழுப் பயனைப் பெற மூன்று வருடங்கள் செயற்படு சேவையில் இருந்திருக்க வேண்டும். முழுநேரப் படைவீரர் ஒருவருக்கு உறங்கும் நாளும் சேவை நாள்தான். பகுதிநேர வீரருக்கோ பயிற்சி வார இறுதிகள் கணக்கில் சேரா. 32 ஆம் தலைப்பின் கீழான சேவை ஆரம்பத்தில் முற்றாகவே விடுபட்டிருந்தது. அதில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்வதற்கு 2011 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. 10 ஆம் தலைப்புக்குள்ளும் பொறிகள் இருந்தன. திட்டமிட்ட வெளிநாட்டுக் கடமைகளுக்காக அத்தலைப்பினுள் புதிதாக நுழைக்கப்பட்ட ஒரு பிரிவின் கீழ் அனுப்பப்பட்டவர்களுக்கு, அந்த நாட்கள் கல்வி உதவிக்குக் கணக்கெடுக்கப்படவில்லை. 2017 ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த ஓட்டையை அடைத்தது.

ஆளுநரின் ஆணையில் பணியாற்றுவோரின் நிலை இன்னும் மோசம். 2021 இல் டெக்சாஸ் ஆளுநர் அபொட் மெக்சிக்கோ எல்லைக்குத் தமது காவற்படையை மாநிலக் கடமையாக அனுப்பினார். ஆயிரக்கணக்கானோர் குறுகிய அறிவித்தலில் தொழிலையும் குடும்பத்தையும் விட்டுச் சென்றனர். சம்பளம் தாமதமாவதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2022 ஏப்ரலில் அவர்களுள் ஓர் இளைஞர், ரியோ கிராண்டே ஆற்றில் தத்தளித்த குடியேறிகளைக் காப்பாற்றக் குதித்து, தாமே நீரில் மூழ்கி இறந்தார். கூட்டாட்சிக் கடமையில் இறக்கும் படைவீரரின் குடும்பத்துக்கு உடனடியாக வழங்கப்படும் ஒரு இலட்சம் டொலர் மரணக் கொடை மாநிலக் கடமைக்கு உரியதல்ல. இக்குறையை ஓரளவு நிவர்த்திக்க டெக்சாஸ் சட்டசபை 2023 இல் அவரது பெயரிலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஏனைய மாநிலங்களில் அவ்வாறானதொரு மரணம் நிகழும்போது என்ன கிடைக்கும் என்பதை அந்தந்த மாநிலமே தீர்மானிக்கும்.

'முன்னாள் படைவீரர்' என்ற பெயர்கூட இலகுவில் கிடைக்கவில்லை. இருபது வருடங்கள் காவற்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கூட்டாட்சிச் செயற்படு சேவைக்கு அழைக்கப்படாதிருந்தால், சட்டத்தின் கண்களில் அவர் முன்னாள் படைவீரர் அல்லர். 2016 டிசெம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் இவர்களுக்கு அந்தப் பெயரை வழங்கியது. கௌரவம் மட்டுமே, அதனால் எந்தப் பயன்பாட்டுக்கும் உரித்து ஏற்படாது என்று அச்சட்டமே கூறுகிறது. செலவில்லாத சலுகை என்பதால் காங்கிரசில் அதற்குப் பெரிய தடை இருக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தில் நியாயம் இல்லையென்று நாம் கூறவரவில்லை. வார இறுதிப் பயிற்சிக்கு வந்துபோகிறவரையும் வருடக்கணக்கில் முகாம்களில் வாழ்பவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பொதுமக்களின் வரிப்பணத்துக்கும் எல்லை உண்டு. மேலும், அமெரிக்கா இவர்களைக் கைவிட்டுவிட்டது என்று கூறுவதும் தவறு. கடமைக்குச் சென்று திரும்பியவருக்குப் பழைய தொழிலை மீளக் கொடுக்க வேண்டுமென்று 1994 ஆம் ஆண்டுச் சட்டம் தொழில்தருநரைக் கட்டாயப்படுத்துகிறது. அச்சட்டத்திலிருந்து மாநில அரசுகளும் தப்ப முடியாதென்று 2022 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம், தேசிய அவசரகாலத்தில் சேவைக்கு அழைக்கப்படும் கூட்டாட்சி ஊழியரின் சம்பளக் குறைவை அரசு ஈடுசெய்ய வேண்டும் என்றும், அவர் செய்த கடமைக்கும் அந்த அவசரகாலத்துக்கும் தொடர்புண்டா என்று துருவ வேண்டியதில்லை என்றும் கூறியது. வழக்காடியவர் கடற்கரைக் காவற்படையின் ஒதுக்குப் படையைச் சேர்ந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளில் கிடைத்த வெற்றி அது. ஒரு நீதியரசர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

ஆனால், நீதிமன்றங்கள் எழுதப்பட்ட சட்டத்துக்கே பொருள் கூற முடியும். சட்டத்தைத் திருத்த வேண்டியது காங்கிரஸ். சீருடை அணியும் ஒவ்வொரு நாளையும், பயிற்சி நாட்கள் உட்பட, கல்வி உதவிக்குக் கணக்கெடுக்கும் சட்டமூலமொன்று 2022 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் 287 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிராக அளிக்கப்பட்டவை 135. அது சட்டமாகவில்லை.

ஓய்வூதிய விடயத்தில் காலதாமதமே கொள்கையாகிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. முழுநேரப் படைவீரர் இருபது வருட சேவை முடிந்ததும் ஓய்வூதியம் பெறத் தொடங்குகிறார். பகுதிநேரப் படைவீரர் அதே இருபது வருடங்களை முடித்தாலும் 60 வயது வரை காத்திருக்க வேண்டும். கடமைக்கு அழைக்கப்பட்ட ஒவ்வொரு 90 நாட்களுக்கும் மூன்று மாதங்கள் வீதம் அந்த வயதைக் குறைக்கும் ஏற்பாடு 2008 இல் கொண்டுவரப்பட்டது. ஆனால், அச்சட்டம் கையொப்பமிடப்பட்ட 2008 ஜனவரி 28 ஆம் திகதிக்குப் பிந்திய சேவைக்கே அது பொருந்தும். 2001 தொடக்கம் அதுவரை ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் இருந்தவர்களின் நாட்கள் கணக்கில் இல்லை. ஒரு நாளுக்காகப் போராடித் தமது பதிவுகளைத் திருத்திக்கொண்ட மினசோட்டாப் பிரிகேட்டின் 22 மாதங்களும், அவை 2007 இலேயே முடிந்துவிட்டமையால், அதற்குள் அடங்கவில்லை. இத்திகதியைப் பின்னோக்கி நகர்த்தும் யோசனைகள் காங்கிரசில் வந்து வந்து போயின. அதற்கு ஏற்படக்கூடிய செலவோ ஒவ்வொரு வருடமும் தானாகவே குறைந்துகொண்டு வருகிறது. 2005 இல் 40 வயதில் ஈராக்குக்குச் சென்ற காவற்படை வீரர் 2025 இல் 60 வயதை அடைந்துவிட்டார்.