'கொக்-ஹா' என்ற விளியும் சில புலம்பல்களும்

காண்டனீஸ் மொழியின் பழைய மரியாதைச் சொற்களை ஹாங்காங் இளைஞர்கள் நையாண்டிக்கு இழுத்துக் கொச்சைப்படுத்துகிறார்கள் என்றொரு வாதம் உண்டு. மொழித்தூய்மை பேசுவோருக்கு உகந்த வாதம். இலக்குத் தவறிய வாதமும் கூட.

'கொக்-ஹா' என்ற விளியை எடுத்துக்கொள்வோம். 'மாடத்தின் கீழே' என்பது அதன் சொற்பொருள். உயர்ந்தோரை நேரே விளிக்கத் துணியாத பணிவு, காலப்போக்கில் 'தாங்கள்' என்றாயிற்று. அலுவலகக் கடிதங்களில் இன்றும் அது மெய்யான மரியாதையுடன்தான் வருகிறது. ஒரு மணி நேரம் தாமதித்து வந்த நண்பனிடம் அதையே சொன்னால் சாட்டையடி. 'ஸிங்-யோங்' இன்னும் சுவையானது. 'தாங்கள் விட்டுக்கொடுத்ததால் வென்றேன்' என்று வென்றவன் தோற்றவனிடம் கூறும் அடக்கச் சொல் அது. மாஜோங் மேசையில் பணத்தை வழித்து அள்ளிக்கொண்டே ஒருவன் இதைச் சொன்னால் எதிரே இருப்பவனுக்கு எரியாதா என்ன!

இந்தச் சிரிப்பு அறியாமையில் பிறப்பதன்று. சொல்லின் உயரம் அறிந்தவனுக்கே அதைக் கீழிறக்கி விளையாடத் தெரியும். அந்த அறிவும் சும்மா வந்துவிடவில்லை. 1955 முதல் 1972 வரை ஜின் யோங் நாளேடுகளில் எழுதிய வீரசாகசத் தொடர்கதைகள், அவற்றின் தொலைக்காட்சி வடிவங்கள், அரசவைப் பேச்சையும் தெருப்பேச்சையும் மோதவிட்டுச் சிரிக்கவைத்த ஸ்டீபன் சோவின் 1990களின் படங்கள் என்று எத்தனையோ வழிகளில் ஊறியது அது. அதற்கும் முன்பே செவ்வியல் சீனம், நவீன எழுத்துச் சீனம், காண்டனீஸ் ஆகிய மூன்றையும் கலந்து எழுதிய 'ஸாம்-காப்-தாய்' நடை ஹாங்காங் ஏடுகளில் செழித்திருந்தது. கலப்பு ஒன்றும் நேற்று முளைத்த பாவமல்ல.

மேலும், எல்லா மரியாதைச் சொல்லும் கேலிக்குள்ளாவதில்லை. அறிமுகமற்றவரிடம் குடிப்பெயர் கேட்கும் 'குவாய்-ஸிங்' என்பதில் 'மேன்மைமிகு' என்ற அடை அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டு ஒருவரும் நகைப்பதில்லை. காரணம் எளிது, அச்சொல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வேலை பறிபோன சொற்களே நையாண்டியில் தஞ்சம் புகுகின்றன. பறித்தது யார்? சீனமொழிப் பாடத்தை மாண்டரினில் நடத்த முன்வரும் ஹாங்காங் பள்ளிகளுக்கென 2008இல் ஆதரவுத் திட்டமே தொடங்கப்பட்டது. 2010இல் குவாங்சௌ நகரத் தொலைக்காட்சியை மாண்டரினுக்கு மாற்றலாம் என்று யோசனை எழுந்தபோது மக்கள் தெருவில் திரண்டு எதிர்க்க நேர்ந்தது. வகுப்பறையும் செய்தி வாசிப்பும் கைவிட்டுப் போனால் ஒரு மொழியின் உயர்நடை எங்கே போய் நிற்கும்? மாஜோங் மேசையில் வந்து நிற்கிறது. அங்கே அதற்கு இடம் கொடுத்தவர்களைத்தான் இவர்கள் ஏசுகிறார்கள். பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் இந்தக் குரலை உயர்த்தக் காணோம்.